முட்டை பஜ்ஜி மொறுமொறுவென்று வரவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

கொழும்பு வெள்ளவத்தையில் மழை பிடித்துவிட்டால் பின்னேரம் நாலரை மணிக்கெல்லாம் வீட்டில் யாராவது பஜ்ஜி கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்பது முட்டை பஜ்ஜி. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, கடலை மாக் கரைசலில் தோய்த்து, எண்ணெயில் பொரித்தெடுப்பது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தேத்தண்ணிக் கடைகளில் அன்றாடம் பொரிக்கிற பலகாரம். சென்னையில் நாலு வருடம் இருந்தபோது மெரினாக் கடற்கரை வண்டிகளில் சாப்பிட்டுப் பழகினேன். அங்கே அது தாச்சியிலிருந்து நேரே கைக்கு வரும். கொழும்புக்குத் திரும்பி வந்து வீட்டில் பொரித்து, மேசைக்குக் கொண்டுபோய், எல்லோரும் வந்து உட்காருவதற்குள் தொய்ந்துவிட்டது. மாவின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பல நாள் கழித்துத்தான் பிடிபட்டது, நான் பார்க்க வேண்டியது ஈரத்தை என்று. முட்டையின் மேலே இருக்கிற ஈரம், கரைசலில் கூடிப்போன ஈரம், பொரித்த பிறகு உள்ளிருந்து வெளியே வருகிற ஈரம். கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும்.

நான் எடுக்கிற அளவைச் சொல்லிவிடுகிறேன். 6 முட்டைக்கு, அதாவது 12 பாதிக்கு, 1 கப் கடலை மா, கால் கப் வறுக்காத அரிசி மா, 1 மேசைக்கரண்டி சோளமா (கோர்ன் பிளவர்), 1 தேக்கரண்டி தனிமிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம், உள்ளங்கையில் கசக்கிய ஓமம் கொஞ்சம். தண்ணீர் முக்கால் கப் வரை பிடிக்கும். ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். அப்பச்சோடா இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு, அதுவும் கடைசியில். சரி, இனி உங்கள் தாச்சியில் என்ன நடக்கிறதென்று பார்ப்போம்.

மா முட்டையில் பிடிக்காமல் கழன்று போகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டு அக்கா ஒருநாள் அவசரமாகக் கூப்பிட்டார். “இஞ்ச ஒருக்கா வந்து பார் பிள்ளை, முட்டை தனிய, மா தனிய கிடக்குது” என்றார். போய்ப் பார்த்தால் முட்டைப் பாதிகள் வெள்ளை வெளேரென்று எண்ணெயின் அடியில் கிடந்தன. மா மட்டும் வெறும் கிண்ணங்களாக மேலே மிதந்தது. “எப்ப அக்கா முட்டை அவிச்சனீங்கள்?” என்று கேட்டேன். காலையிலேயே அவித்து, கோது உரித்து, பிரிட்ஜில் வைத்திருந்திருக்கிறார். எடுத்த கையோடு வெட்டித் தோய்த்துவிட்டார்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் கொழும்புக் காற்றில் எப்படி வியர்க்கும் என்று பார்த்திருப்பீர்கள். முட்டையும் அப்படித்தான் வியர்க்கும். வெண்கரு ஏற்கெனவே வழுவழுப்பானது. அதன்மேல் ஒரு படலம் தண்ணீர் சேர்ந்தால் மாவுக்குப் பிடிமானமே இல்லை. சூடான எண்ணெயில் அந்தத் தண்ணீர் ஆவியாகி, மாவை முட்டையிலிருந்து தள்ளிவிடுகிறது.

அக்காவுக்குச் செய்து காட்டியது இது. மிச்சமிருந்த முட்டைப் பாதிகளைச் சுத்தமான பருத்தித் துணியில் கவிழ்த்து 20 நிமிடம் வெளியே வைத்தோம், குளிர் போகட்டும் என்று. பிறகு ஒவ்வொன்றையும் துடைத்து, வெண்கருவின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தோம். விரல் வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் ஈரம். லேசாகப் பிடித்து நின்றால் காய்ந்துவிட்டது. அப்புறம் முள்ளுக்கரண்டியால் வெண்கருவின் முதுகில் மெல்லிய கீறல்கள். ஒரு தட்டில் சோளமாவைப் பரப்பி அதில் புரட்டி, கூடியதைத் தட்டி உதறிவிட வேண்டும். பார்வைக்குப் பவுடர் பூசியதுபோல மெல்லிதாக இருந்தால் போதும். தடிப்பாகப் பூசினால் அந்தப் பூச்சே ஒரு தோலாகக் கழன்று வரும். உடனே கரைசலில் தோய்த்து எண்ணெயில் விட்டோம். ஒன்றுகூடக் கழரவில்லை.

நம்மூரில் ரோல்ஸும் கட்லட்டும் பொரித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ரஸ்க் தூளைப் பிடித்துவைக்கிற வேலையைக் கரைசல் செய்கிறது; இங்கே கரைசலைப் பிடித்துவைக்கிற வேலையை உள்ளே போடுகிற சோளமா செய்கிறது.

இதெல்லாம் செய்தும் கழன்றால் கரைசல் தண்ணியாகிவிட்டது. கரண்டியின் முதுகை அதில் தோய்த்து, நடுவே விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரண்டு கரையும் ஒன்றுசேராமல் நின்றால் பதம். கடலை மா தண்ணீரை உறிஞ்ச நேரம் எடுக்கும் என்பதால் கரைத்து 10 நிமிடம் வைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கரைத்த உடனே தண்ணியாகத் தெரிகிறதென்று மாவை அள்ளிப் போட்டால் பிறகு களியாகிவிடும்.

தாச்சியிலிருந்து எடுக்கும்போது மொறுமொறு, ஐந்து நிமிடத்தில் சொதசொதப்பு

எனக்கு அதிக நாள் எடுத்தது இது. “அம்மா, இது ஏன் நனைஞ்சமாதிரி கிடக்கு?” என்று என் மகள் கேட்டபோதெல்லாம் மாவைத்தான் சந்தேகித்தேன். மாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆனால் பெரிய பிழை பொரித்ததை வைக்கிற இடத்தில்.

அவித்த வெண்கருவில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர். பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற சூடு ஆவியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தட்டில் பேப்பர் விரித்து அடுக்கினால், கீழ்ப்பக்கம் வருகிற ஆவிக்குப் போக வழியில்லை. அது அங்கேயே தண்ணீராகி மேலோட்டை நனைக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்தால் இரண்டு பக்கமும் நனையும். சூடு ஆறக்கூடாதென்று மூடிவைத்தால் கதை முடிந்தது.

எண்ணெய் வடிய 30 வினாடி பேப்பரில் வைத்தால் போதும். உடனே கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். கேக் ஆறவைக்கிற கம்பித் தட்டு இல்லையென்றால் மா அரிக்கிற அரிதட்டை ஒரு வாயகன்ற பாத்திரத்தின்மேல் கவிழ்த்து, அதன்மேல் ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். அடியிலும் காற்றுப் போக வேண்டும். நான் இப்போது அரிதட்டைத்தான் பாவிக்கிறேன், ஒரு சதமும் செலவில்லை. பழைய பத்திரிகைத் தாளில் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்; சூட்டிலும் எண்ணெயிலும் அச்சு மை பஜ்ஜியில் ஒட்டும்.

இனி மாவின் பங்கு. கடலை மா மட்டும் போட்டால் மேலோடு மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறுப்பைத் தாங்கிப் பிடிப்பது அரிசி மாவும் சோளமாவும். இங்கே கொழும்பில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் அரிசி மா என்று கேட்டால் இடியப்பத்துக்கும் பிட்டுக்குமான வறுத்த மாவைத் தந்துவிடுவார்கள். வறுத்த மா தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும். அதே பதம் வர நீங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுவீர்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் மேலோட்டில்தான் போய்ச் சேரும். வறுக்காத வெள்ளை அரிசி மா என்று கேட்டு வாங்குங்கள். கடலை மா தீர்ந்துபோய்க் கோதுமை மாவைக் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். கோதுமையின் பசைத்தன்மையால் அது ஆறியதும் தோல்போல இழுபடும். முட்டை பஜ்ஜிக்கு அது வேண்டாம்.

கரைசலில் 1 மேசைக்கரண்டி சூடான எண்ணெயை விட்டுக் கலக்குவது நல்ல பழக்கம். மேலோடு கடிக்கும்போது பொடிப்பொடியாக உடையும்.

விருந்தாளிகள் வருகிறார்கள், முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும் என்றால் இரண்டு தரம் பொரியுங்கள். முதலில் 160 பாகை செல்சியஸில் 2 நிமிடம், நிறம் வரும் முன்பே எடுத்துக் கம்பித் தட்டில் வைத்துவிடலாம். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு 185 பாகையில் 45 வினாடி. முதல் பொரிப்பில் உள்ளிருந்து வந்து மேலோட்டில் தங்கிய ஈரம் இரண்டாவதில் பறந்துவிடும். எனக்குத் தெரிந்து மழைநாளில் இதைவிட நம்பிக்கையான வழி இல்லை.

மிஞ்சியதைச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். மேலோடு தோலாகும் என்பது ஒரு பக்கம்; அவித்த முட்டை அதற்குள் வெடிக்கும், சிலவேளை வெளியே எடுத்துக் கடிக்கும்போதும் வெடிக்கும். அவணில் அல்லது ஏர் பிரையரில் 180 பாகையில் 4 நிமிடம் வைத்தால் ஓரளவு மீண்டுவிடும்.

முட்டை எண்ணெயில் வெடிக்கிறது, எண்ணெய் தெறிக்கிறது

இதைத் தயவுசெய்து இலேசாக எடுக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். முழு முட்டையைப் பொரித்தால் வெண்கருவுக்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் திடீரென்று பிய்த்துக்கொண்டு வரும். பாதியாக வெட்டினால் இந்த ஆபத்து மிகவும் குறைவு. பழகும்வரை பாதியாகவே செய்யுங்கள். போண்டா மாதிரி முழுதாகத்தான் வேண்டுமென்றால் பல்லுக்குச்சியால் மஞ்சள்கரு வரை நாலைந்து இடத்தில் குத்துங்கள், அல்லது கத்தி நுனியால் நாலு பக்கமும் கீறுங்கள். வெண்கரு முழுவதும் மாவால் மூடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மா மூடாத இடத்தில்தான் எண்ணெய் நேரே பட்டு முதலில் தெறிக்கும்.

தாச்சியில் எண்ணெய் பாதிக்குமேல் வேண்டாம். பஜ்ஜியை உயரத்திலிருந்து போடாமல் எண்ணெய் மட்டத்துக்கு அருகே கொண்டுபோய், உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து விடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது; அடுப்பை நிறுத்தி, தாச்சியை உலோக மூடியால் மூடி, ஆறும்வரை அசைக்காமல் விடுங்கள். கையில் எண்ணெய் பட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம்.

எண்ணெயைக் குடிக்கிறது

கையில் பிடித்தால் விரலெல்லாம் எண்ணெய், கடித்தால் வாயெல்லாம் எண்ணெய் என்றால் எண்ணெயின் சூடு போதவில்லை. 175 பாகை வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டுக் கரைசலை விட்டுப் பாருங்கள். அடியைத் தொட்டு இரண்டு வினாடியில் மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் பொறுங்கள். விட்ட உடனே மேலே வந்து பழுப்பானால் சூடு கூடிவிட்டது.

முதல் தொகுதி நன்றாக வந்து இரண்டாவது எண்ணெய் குடித்தால், ஒரே நேரத்தில் கூடப் போடுகிறீர்கள். முக்கால் லீற்றர் எண்ணெய்க்கு 4 பாதி போதும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் எண்ணெய் மறுபடி சூடேறக் கொஞ்சம் விடுங்கள். 2022 காஸ் தட்டுப்பாட்டின்போது வாங்கிய மின் அடுப்பில் பொரிக்கிறேன், அது மெதுவாகத்தான் மீளும். அதில் நான் 3 பாதிக்கு மேல் போடுவதில்லை.

இங்கே கடலோரத்து மரைன் டிரைவ் வீதிப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல் காற்று குசினி ஜன்னலால் நுழைந்து காஸ் சுவாலையைத் தாச்சியின் ஒரு பக்கத்துக்கே தள்ளிவிடும். எண்ணெயில் ஒரு பக்கம் பொரியும், மறுபக்கம் ஊறும். காற்று வருகிற பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவிட்டுப் பொரியுங்கள்.

வெளியே கறுத்துவிட்டது, உள்ளே மா பச்சை

சூடு கூடியது, அல்லது கரைசல் தடித்தது. மேலோடு 2, 3 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். மொறுமொறுப்பு வேண்டுமென்று மாவைத் தடிப்பாக்குகிறவர்கள் பலர். தடித்த மா பாண் மாதிரித்தான் வரும்.

சூடும் பதமும் சரி, ஆனாலும் கறுக்கிறது என்றால் உங்கள் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து மணந்து பாருங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் மிளகாய்த்தூள் என்று வைத்திருப்பது பெரும்பாலும் மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் வறுத்துத் திரித்த கறித்தூள். ஏற்கெனவே வறுபட்டது எண்ணெயில் இன்னொரு தரம் கருகும், வெந்தயம் கசப்பையும் தரும். கணவாய்க் கறிக்கு அதைவிட நல்லது இல்லை, பஜ்ஜிக்குத் தனிமிளகாய்த்தூள்தான்.

கசப்பு, சவர்க்கார மணம், மேலே சிவப்புப் புள்ளிகள்

மூன்றும் அப்பச்சோடாவின் வேலை. மஞ்சள்தூள் காரத்தன்மையான சோடாவோடு சேர்ந்தால் சிவப்பாக மாறும். கட்டியாகக் கிடந்த சோடா எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. சோடாவை அரைத் தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, பொரிக்கும் முன்னால் சேருங்கள். கூடிப்போனால் மா பஞ்சுபோலாகி எண்ணெயையும் இழுக்கும். சந்தேகமென்றால் போடாமலே விடலாம். சோடா இல்லாமல் தட்டையாக வரும், ஆனால் நன்றாகவே மொறுமொறுக்கும்.

சோடா போடாமலும் கசந்தால் கடலை மா பழையது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

கோது உரியவில்லை, மஞ்சள்கரு விழுந்துவிடுகிறது

அன்றைக்கு இட்ட முட்டை சுத்தமாக உரியாது. ஒரு வாரம் போனால் வெண்கருவிலிருந்து கரியமில வாயு கோதினூடாக வெளியேறி, தோலிலிருந்து வெண்கரு விடுபடும் தன்மை வரும். கொதிக்கிற தண்ணீரில் முட்டையை இறக்கி 10 நிமிடம், பிறகு ஐஸ் தண்ணீர். முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் மஞ்சள்கரு நடுவில் நிற்கும். ஓரத்தில் ஒதுங்கிய மஞ்சள்கருதான் வெட்டும்போது கழன்று விழுவது. மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் நேரம் கூடிவிட்டது. சாப்பிடலாம், மணம்தான் கொஞ்சம் கெடும். தோய்க்கும்போது வெட்டிய பக்கத்துக்குக் கரண்டியால் மா ஊற்றி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெயில் விடுங்கள், உடனே இறுகி மஞ்சள்கருவைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாமே உதிர்ந்துவிட்டதா? 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்குத் தட்டுப்பாட்டைப் பார்த்த நாம் அதை வீசுவதில்லை. உதிர்ந்த மஞ்சள்கருவோடு பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இடித்த மாசிக் கருவாடு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்து குழிக்குள் திரும்ப அமத்துங்கள். மாசி நம்மூர்ச் சேர்க்கை. எங்கள் வீட்டில் இப்போது இதற்காகவே மஞ்சள்கருவை வேண்டுமென்றே எடுத்துப் பிசைகிறோம்.

எண்ணெய் நுரைத்துப் பொங்குகிறது

பலதரம் பாவித்த எண்ணெய், அல்லது அடியில் மாத்துகள் கருகிக் கிடக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் பிறகு துகள்களை வடித்தெடுங்கள். இரண்டு மூன்று தரத்துக்கு மேல் அதே எண்ணெயில் பொரிக்க வேண்டாம். மணமான நாட்டுத் தேங்காயெண்ணெய் 175 பாகையிலேயே புகைய ஆரம்பிக்கும், அதாவது நமக்கு வேண்டிய சூட்டிலேயே. பொரிக்கச் சுத்திகரித்த வெள்ளைத் தேங்காயெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் எடுங்கள்.

கரைசல் மிஞ்சிவிட்டது

மறுநாளைக்கு வைத்தால் சோடாவின் சக்தி போய்விடும், மாவும் புளிக்கும். கறிமிளகாயை நீளவாக்கில் கீறி, விதையை எடுத்து, துடைத்துக் காயவைத்து அதே கரைசலில் தோய்த்துப் பொரித்துவிடுங்கள். அதற்கும் சோளமாப் பூச்சு வேண்டும், அதன் தோலும் முட்டை மாதிரி வழுக்கும்.